ஸ்கிராப்பில் வந்த போட் மோட்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மோட்டார் வெடிக்கவில்லை, படகு கவிழவில்லை, என் தங்கை வீட்டுக்காரர் பத்திரமாக இருக்கிறார். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முடிவு தெரியும் வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. படிக்கிறவர்களிலும் என்னைப் போல நாலு பேர் இருக்கக்கூடும். அவர்களுக்காகத்தான் முடிவை முன்னால் எடுத்து வைத்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில், ஸ்கிராப் யார்டில் எனக்கு வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்குப் பரீட்சை அன்று காய்ச்சல், போகவில்லை. மறுநாள் போனால் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று அன்றும் போகவில்லை. அதற்கு மறுநாள் இரண்டு நாள் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று போகவில்லை. அப்படியே நின்றுபோனது. வீட்டில் எல்லோரும் வயல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். என்னை உட்கார வைத்துக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

லாரியிலும் கண்டெய்னரிலும் வரும் பழைய இரும்பைக் கிளறி, உலைக்குப் போகக் கூடாததைப் பொறுக்கி எடுப்பதுதான் என் வேலை. அதில் முக்கியமானது மூடின சாமான். கேஸ் சிலிண்டர், இரண்டு பக்கமும் அடைத்த பைப், மூடி துருப்பிடித்து இறுகிய டப்பா. உள்ளே துளி தண்ணீர் மாட்டியிருந்தாலும் போதும், உருகின இரும்பில் விழுந்த நொடியில் குண்டு மாதிரி வெடிக்கும். அதனால் எங்கள் யார்டில் ஒரே சட்டம்: மூடியிருந்தால் ஓட்டை போடு. ஓட்டை போட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும், அப்புறம் பயமில்லை.

எனக்கென்றே செய்த வேலை அது. வீட்டில் கேஸ் அடுப்பை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன் நான். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்குகிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவேன். இந்தக் குணத்துக்கு ஊரில் கிண்டல், வீட்டில் திட்டு, யார்டில் மட்டும் மரியாதை. எங்கள் மேஸ்திரி புது ஆட்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்தாளு மாரி பயப்படணும். தெகிரியசாலி எவனும் எனக்கு இங்க வாணாம்."

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரரும் அவளும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை செய்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு பக்கமும் முதலில் முறைத்தார்கள், குழந்தை பிறந்ததும் முறைப்பை மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனி ஒத்துவரவில்லை. ஜன்னல் இல்லாத ஷெட்டில் நின்று நின்று ஆள் பாதியாக இளைத்துப்போய், ஏரிக்கே திரும்பிவிட்டார். சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் படகு. ஆழமில்லாத ஏரி அது. நீளக் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே போவார்.

போன மழைக்காலத்தில் கரையில் வழுக்கி விழுந்து அவருடைய வலது தோள் கழன்றுவிட்டது. எலும்பை ஏற்றிவிட்டார்கள். ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மறுபடி கழன்றுகொள்ளும், கழி போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் அவருடைய படகைத் தள்ளிக் கொடுத்தார்கள். எத்தனை நாள் தள்ளுவார்கள்?

அந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இடத்தில் இன்று யார் வலை போடலாம், நாளைக்கு யார் என்று ஊர் கூடி முறை பிரித்துக்கொள்வார்கள். உன் பாடு வரும்போது நீ போக வேண்டும். போகாவிட்டால் அந்த நாள் போனதுதான். மாப்பிள்ளைக்கு இரண்டு முறை அப்படிப் போய்விட்டது. அடுத்த பாடு ஒரு மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வர இருந்தது. அதுவும் போனால் படகை விற்றுவிட்டுப் பழையபடி கம்பெனிக்கே போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். வெள்ளி போய் ஞாயிறு வந்தால் படகைப் பார்க்க ஓர் ஆள் வருவதாகவும் பேச்சு.

தங்கை போனில் இதைச் சொன்னபோது அழவில்லை. "அந்த ஷெட்டுக்குள்ள மறுபடி போனா அவுரு அவுரா இருக்க மாட்டாருண்ணா" என்றாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

அந்த வாரத்தில்தான் மோட்டார் வந்தது.

எந்த நாட்டிலிருந்தோ வந்த கண்டெய்னரைக் கொட்டினார்கள். வளைந்த கம்பி, கார் கதவு, நசுங்கிய வாஷிங் மெஷின். நடுவில் ஒன்று நின்றது. பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, கீழே மூன்று இதழ் காத்தாடி, மேலே சட்டி மாதிரி ஒரு சக்கரம். காத்தாடிக்குப் பக்கத்தில் காய்ந்த சிப்பிகள் ஒட்டியிருந்தன. எந்த ஊர்க் கடல் சிப்பியோ. நான் அதுவரை படகு மோட்டாரைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உடம்பு முழுக்க அலுமினியம். எங்கள் உலைக்கு அது ஆகாது, தனியாக எடுத்துப் போட வேண்டியதுதான். மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"இன்னாபா, கப்பல் வாங்கப் போறியா?"

"தங்கச்சி ஊட்டுக்காரருக்கு, மேஸ்திரி."

"இது ஓடுமா?"

"தெர்ல."

"உனக்கு மோட்டாரு வேல தெரியுமா?"

"தெரியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆட்டோ ரிக்ஷாவுல ஓரமா உக்காரவே பயப்படறவன் நீ. செரி, எடைக்குப் போட்டு எத்துக்கினு போ. வெளிய போயி வெடிச்சா நம்ம யார்டு பேர சொல்லிடாத."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓர் அரிசி மூட்டை கனம் இருந்தது. என் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னாய்யா இது?"

"போட் மோட்டாரு."

"ஊட்டுல மிக்ஸி ஓடாம ஒரு மாசமா கெடக்குது, அத்த பாக்க ஆளக் காணோம். ஏரில ஓடறத தூக்கிக்கினு வந்துக்கிறாரு."

தங்கையின் சங்கதி அவளுக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் திட்டவில்லை. பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து பின்கட்டில் விரித்துக் கொடுத்தாள்.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்றால், போனில் வீடியோ பார்த்து. வெள்ளைக்காரர்கள் இந்த மாதிரிப் பழைய மோட்டாரைக் கழற்றி மாட்டுவதை நிறையப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். ஒரு திருகாணியைக் கழற்றும் முன் அதைப் போட்டோ எடுப்பேன். கழற்றினதும் ஒரு போட்டோ. அதைப் புடவையில் வைத்த இடத்தையும் ஒன்று. பயந்தவன் செய்கிற வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒரு சாமானும் தொலையவில்லை.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாகக் கிரசின் ஊற்றி ஊற விட்டேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் மேலே உள்ள சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்ப்பேன். அசையாது. மறுநாளும் அப்படியே. அடித்துத் திறக்கப் பயம், உடைந்துவிட்டால்? இன்னும் கொஞ்சம் கிரசின் ஊற்றுவேன். ஒரு நாள் காலை, காபியைக் கீழே வைத்துவிட்டு ஒப்புக்குத் தொட்டேன், தலைமுடி அகலத்துக்கு நகர்ந்தது. பெருமூச்சு விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, மாரடைப்பா?"

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்ட் கரி பிடித்திருந்தது, அதை உப்புத்தாளால் தேய்த்தேன். பிளக்கை மாற்றினேன். தண்ணீர் இழுக்கும் ரப்பர்ச் சக்கரம் மட்கி உதிர்ந்துவிட்டது. காக்களூரில் ரப்பர் சாமான் செய்யும் சின்ன யூனிட்டில் அதன் எலும்புக்கூட்டைக் காட்டி, அதே மாதிரி ஒன்று ஊற்றி வாங்கி வந்தேன். பெட்ரோல் குழாயைப் புதிதாகப் போட்டேன்.

கடைசியாகக் கார்பரேட்டரைத் திறந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் சின்னக் கிண்ணம் அது. அதற்குள் பித்தளையில் குட்டி டப்பா ஒன்று இருந்தது. மேலே மூடி இல்லை, கீழேயும் திறப்பு இல்லை, சுற்றிலும் பற்ற வைத்து அடைத்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் ஆட்டினேன், சத்தமில்லை. காலியான, நாலு பக்கமும் மூடின சாமான். பெட்ரோலுக்குள்ளே. சூடாகிற என்ஜினுக்குப் பக்கத்திலே.

மேஸ்திரி சொன்னது காதில் கேட்டது. ஆணியை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினேன். குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்த காற்று புஸ்ஸென்று போனதாகக்கூட எனக்குத் தோன்றியது. நல்லவேளை பார்த்தோம் என்று திருப்பி மாட்டினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி மோட்டாரை மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதிகம் பேசாதவர். விரலால் சிப்பி ஒட்டியிருந்த தழும்பைத் தொட்டார்.

"உப்புத் தண்ணி பாத்த மோட்டாருதான் மச்சான்."

இந்த மோட்டாருக்குச் சாவி எல்லாம் கிடையாது. மேல் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றி இழுத்தேன். மூன்றாவதோ நாலாவதோ, பட்பட்டென்று வெடித்து நீலப் புகையோடு பிடித்துக்கொண்டது. டிரம் தண்ணீர் கொதிப்பது போலக் குதித்தது. எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினேன்.

மாப்பிள்ளை குனிந்து பின்பக்கம் பார்த்தார். "ஒண்ணுக்குப் போவுது மச்சான்! நல்லா போவுது!"

மோட்டார் இழுத்த தண்ணீர் உள்ளே போய், சூட்டைத் தணித்துவிட்டு, சின்னத் துளை வழியாகக் கோடாகப் பீய்ச்சி வெளியே வர வேண்டும். ஏரிக்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். அது நின்றால் மோட்டார் எரிந்துவிடும். தங்கை கைதட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, புகையினால் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம்தான். சத்தம் கம்மியது, இருமியது, நின்றுவிட்டது. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டியது. மறுபடி இழுத்தேன். இருமல், புகை, அமைதி. என் உள்ளங்கை கயிற்றில் உரிந்துபோகும் வரை இழுத்தேன். பெட்ரோல் நாற்றம் தெருவெங்கும் அடித்தது.

"வுடு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "பழைய சாமான். இவ்ளோ ஓடனதே பெருசு."

"இன்னொரு தபா பாக்கலாம் மாப்ள."

"எதுக்கு பேஜாரு? கம்பெனில கேட் வேல ஒண்ணு இருக்குதாம். வெளியவே நிக்கற வேலதான், உள்ள போவ வாணாம்." அதைச் சொல்லும்போது அவர் தங்கையைத்தான் பார்த்தார். தங்கை டிரம்முக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் அவருடைய பாடு.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நான் செய்யாதது இல்லை. பிளக்கைத் துடைத்தேன். ஆயில் கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். குழாயை ஊதினேன். இப்போது ஓடவே மறுத்தது, பெட்ரோல் மட்டும் வழிந்தது. யார்டில் வேலை செய்கிறபோதும் கயிற்றை இழுப்பது போலக் கை அசைந்தது. மேஸ்திரி கேட்டார்: "இன்னாடா, கப்பல் கெளம்பலையா?"

செவ்வாய் சாயங்காலம் என் மனைவி துணி எடுக்கப் பின்கட்டுக்கு வந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வழிகிற பெட்ரோலைப் பார்த்தாள்.

"நம்ம ஊட்டு டேங்கு மாரியே வழியுதே. அதுலயும் பாலு ஓட்டையாய்டுச்சா?"

கிண்டலுக்குச் சொன்னாள். எங்கள் மாடித் தண்ணீர் டேங்கில் மிதக்கும் பந்து ஒன்று உண்டு. தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறி, நிறைந்ததும் குழாயை அடைக்கும். போன வருஷம் அந்தப் பந்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. குழாய் அடைபடாமல் மாடியிலிருந்து தெரு வரை வழிந்தது. அவள்தான் கண்டுபிடித்தாள்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அந்தப் பித்தளை டப்பா. காலியாக இருந்தது. காலியாக இருந்ததால் மிதந்தது. மிதந்ததால்...

கார்பரேட்டரைத் திறந்தேன். டப்பா கிண்ணத்தின் அடியில் கிடந்தது. எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். களக் என்றது.

இத்தனை வருஷம் கடலிலும் கண்டெய்னரிலும் மழையிலும் கிடந்து எல்லாம் கெட்டுப்போன மோட்டாரில், கெடாமல் வந்து சேர்ந்தது அந்த டப்பா ஒன்றுதான். அதைத்தான் நான் ஆணி அடித்துக் கெடுத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சத்தமாகச் சிரித்தேன். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். சொன்னேன். அவள் கரண்டியாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, அது இன்னா உங்க உலையா? எத்தப் பாத்தாலும் ஓட்ட போடுவியா? நல்லகாலம், புள்ளைக்குக் காது குத்த உங்கிட்ட குடுக்கல."

எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசானது அப்போதுதான். வியாதி என்னவென்று தெரிந்துவிட்டது. தெரியாததுதான் என்னைக் கொல்லும். தெரிந்த பயத்தோடு எனக்குப் பழக்கமுண்டு.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஹைவே ஓரத்தில் லாரி ரேடியேட்டர் அடைக்கும் கடைக்குப் போனேன். பித்தளையில் ஈயம் வைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. கடைக்காரர் டப்பாவை உள்ளங்கையில் உருட்டினார்.

"ஆள் ஒசரம் ரேடியேட்டர் பாக்குற எடம்பா இது. சுண்டக்கா கொண்டாந்துக்கிற."

"மேல ஒரு ஓட்ட இருக்குதுண்ணா. அத்த மட்டும் அடைக்கணும். ஈயம் ரொம்ப வெச்சா கனம் ஏறி முழுவிடும், ஒரு பொட்டு போதும்."

"கெவருமெண்டு ஆபீசர் மாரி சொல்றியே" என்று சொல்லிக்கொண்டே நெருப்புக் குழாயைப் பற்ற வைத்தார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணா, நில்லு! உள்ள பெட்ரோல் கீது!"

அவர் கையை உதறினார். அப்புறம் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். களக். நெருப்பை அணைத்துவிட்டு, டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்லயே சொல்றதில்ல?"

"சொல்ல வந்தேன், அதுக்குள்ள பத்த வெச்சிட்ட."

மூடின சாமானைப் பற்றிய பயத்தில்தான் ஓட்டை போட்டேன். அந்தப் பயமே அன்றைக்கு அவருடைய விரல்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எந்தப் பயம் சரி, எந்தப் பயம் தப்பு என்று முன்கூட்டியே சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வரச் சொன்னார். நெருப்புக்குத் தள்ளி ஓரமாக வைத்து, டப்பாவை அதில் முக்கினோம். ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாக வந்தது. எடுத்து உதறி, மறுபடி வெந்நீர், மறுபடி உதறல். பெட்ரோல் முழுக்கப் போக வேண்டும் என்று வெயிலில் வைத்தோம். நான் முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். "மல்லிப்பூவாய்யா அது?" என்றார். கடைசியில் நானே போதும் என்று சொன்ன பிறகுதான் நெருப்பை எடுத்தார். முதல் பொட்டு ஈயத்தை உள்ளே சூடேறின காற்று துப்பித் தள்ளிவிட்டது. ஆறவிட்டு, ஒரு நொடி மட்டும் சூடு காட்டி, இரண்டாவது பொட்டு வைத்தார். நின்றது. வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். குமிழ் வரவில்லை. டப்பா மேலே வந்து வாத்துக்குஞ்சு மாதிரி மிதந்தது. ரேடியேட்டர்காரரும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

வியாழக்கிழமை டிரம்மில் மாட்டி ஓட்டினேன். பெட்ரோல் வழியவில்லை. மனைவி சோறு வடித்து, குழம்பு கொதித்து இறக்கும் வரை ஓடியது. அவளே வந்து, "செரி, நிறுத்து, அக்கம்பக்கம் திட்டும்" என்றாள். அன்றே லோடு ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் படகின் பின்பலகையில் மோட்டாரை மாட்டினோம். எனக்கு நீச்சல் தெரியாது. ஏரி இடுப்பளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இடுப்பு யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வழியில் மோட்டார் நின்றால் நான் கரையில் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. காலியான ஒரு பிளாஸ்டிக் கேனை இறுக்கி மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தங்கையும் வந்தாள், வலைக்குக் கை கொடுக்க.

மாப்பிள்ளை என் கேனைப் பார்த்தார். "மச்சான், அதுலயும் ஓட்ட போட்டுட்டியா?"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

அவர் இடது கையால் கயிற்றைச் சுற்றினார். அதைப் பற்றித்தான் எனக்கு ராத்திரியெல்லாம் கவலை. இடது கையால் இழுக்க முடியுமா, இழுத்த வேகத்தில் வலது தோள் உதறிவிடுமா? அவர் வலது கையை இடுப்புத் துண்டுக்குள் செருகிக்கொண்டு, உடம்பை முழுக்கத் திருப்பி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. கரை பின்னால் போனது. தெற்கே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நகர ஆரம்பித்தன. நான் புகைபோக்கியையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. பின்பக்கத் துளையிலிருந்து விழும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க்கொண்டே இருந்தது.

திடீரென்று சத்தம் நின்றது.

"செத்தோம்" என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். "நாந்தான் மச்சான் நிறுத்தனேன். எடம் வந்துடுச்சு. இறங்கு, உன் இடுப்பளவுதான்."

நான் இறங்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இறங்கி வலை கட்டினார்கள். அவருடைய பாடு, அவருடைய இடம். தூரத்தில் மற்ற படகுக்காரர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள். இடது கையைத் தூக்கிப் பதில் சொன்னார். யாரோ, "இன்னாபா, மோட்டாரு எந்த ஊரு?" என்று கூவினார்கள். "கும்மிடிப்பூண்டி!" என்று தங்கை கத்தினாள்.

வலை எடுத்து முடித்த பிறகு இன்னொரு பயம் பாக்கி இருந்தது. ஒரு முறை ஓடிச் சூடான மோட்டார் மறுபடி பிடிக்குமா? முதல் இழுப்பு வெறுமனே போனது. இரண்டாவதும். தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிக்கிறாள் என்று தோள் சொன்னது. மூன்றாவது இழுப்பில் பட்பட்டென்று எழுந்தது. கூடையில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

படகு வாங்க வருவதாக இருந்த ஆளுக்கு அவள் அங்கேயே, நடு ஏரியில், போன் போட்டாள். மோட்டார் சத்தத்தில் எதிர்ப்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது.

"ஞாயித்துக்கெழம வர வாணாம் நைனா... இல்ல இல்ல, படக விக்கறதா இல்ல... இன்னா? கேக்கலையா? இந்தச் சத்தந்தான், இத்த கேளு!" போனை மோட்டாருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. தங்கை சொல்லித்தான் தெரியும். கரை வந்து சேர்ந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம், வாயைப் பிளந்துகொண்டு, கேனைக் கட்டிப் பிடித்தபடி. எழுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். மோட்டாரைக் கழற்றி இடது கையால் இடது தோளில் ஏற்றிக்கொண்டு, கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, என்னைப் படகிலேயே விட்டு வீட்டுக்குப் போய் நாஷ்டா சாப்பிட்டிருக்கிறார்கள்.